ஒதில் கடைக் கோழிக்கு இரைப்பை கிடையாது

— அடியிலயும் இல்ல. கரண்டிய விட்டு மூணு தடவ துழாவிட்டேன், அண்ணி.

— துழாவு பர்னபே, நல்லாத் துழாவு. சட்டியில ஓட்டையப் போட்டுட்டு அதுக்கும் என்னையே குத்தம் சொல்லு.

— கால் ரெண்டு இருக்கு. றெக்கை ரெண்டு இருக்கு. கழுத்து, முதுகு, ஈரல் எல்லாம் இருக்கு. இரைப்பை மட்டும் எங்க போச்சு?

— என்னையக் கேட்டா? சேவல் உன்னுது. டூவாலாவுல இப்பல்லாம் இரைப்பை இல்லாம வளக்குறாங்களோ என்னமோ.

— வெளையாடாத. அங்கேருந்து மடியிலயே வச்சுக் கொண்டாந்தேன். புதுப் பேன்ட்டு பூரா அசிங்கம் பண்ணி வச்சிருக்கு. காலையில உசுரோட உன் கையில குடுத்தேன். நீதான் அறுத்த, நீதான் சமைச்ச.

— அந்தப் பேன்ட்டப் பத்தி நானே கேக்கணும்னு இருந்தேன். அதைப் போட்டுக்கிட்டுத்தான் என் சட்டிக்குள்ள குனியிறியா? தள்ளு. ஏப்பா, நீலத் தொப்பி! சுட்ட சஃபூப் பழம் வேணுமா, சுட்ட வாழைக்காய் வேணுமா? ரெண்டுமா? அப்படிச் சொல்லு. சஃபூவக் கடிச்சுத் திங்காத, அமுக்கு, கொட்டை தானா வெளிய வரும். பஸ்ஸு கெளம்ப நேரமிருக்கு, நின்னு தின்னு.

— நான் பேசிக்கிட்டு இருக்கேன், அண்ணி.

— நான் வியாபாரம் பண்ணிக்கிட்டு இருக்கேன்.

— சுருக்கமா சொல்றேன். டூவாலாவுல, யாவுண்டேல, எங்க போனாலும் ஒரே பேச்சு. மக்கெனெனேல பஸ்ஸு நின்னா ஒதில் கடையிலதான் சாப்பிடணும், கோழின்னா அதுதான் கோழி, ஆனா அவ கடைக் கோழிக்கு இரைப்பை கிடையாதுங்கிறாங்க. சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. எங்க ஆபீசுல ஒருத்தன் மாமனாரக் கூட்டிக்கிட்டு இந்த வழியா வந்திருக்கான். முழுக் கோழி வாங்கியிருக்கான். மாமனார் தட்டுல வைக்க இரைப்பை இல்ல. அந்த மனுஷன் மூணு மாசம் மருமகன்கிட்டப் பேசவே இல்லையாம்.

— குடுத்து வச்ச மருமகன்.

— நக்கல் பண்ணு. நம்ம பக்கம் இரைப்பை எங்க போகும்னு பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். வீட்டுக்குத் தலை யாரோ, அவன் தட்டுக்குப் போகும். பொம்பள அதைத் தொட்டுக் கழுவலாம், சமைக்கலாம், தட்டுல வைக்கலாம், அதோட சரி. அன்செல்ம் அண்ணன் இருந்த வரைக்கும் அவரு தட்டுக்குப் போச்சு. அண்ணன் செத்து ஒன்பது வருஷம். பிள்ளையும் இல்ல. அப்ப இப்ப யாரு தட்டுக்குப் போகுது?

— அடேங்கப்பா. இதைக் கேக்கத்தான் கோட்டெல்லாம் மாட்டிக்கிட்டு, சேவலத் தூக்கிக்கிட்டு வந்தியா?

— ஆமா. உன் கோழியில இல்லைன்னா நீ ஏதாச்சும் கதை சொல்லுவ. அதனாலதான் என் கோழி. இப்பச் சொல்லு. யாரு அவன்?

— எவன்?

— நீ ஒளிச்சு வச்சுச் சோறு போடுறவன். லாரிக்காரனா? மரம் ஏத்திட்டுத் துறைமுகத்துக்குப் போறானுகளே, அவனுகள்ல ஒருத்தனா? வாயில என்ன அது? நான் ஒரு மானப் பிரச்சினை பேசுறேன், நீ பாட்டுக்கு மென்னுக்கிட்டு நிக்கிற. எப்பப் பாத்தாலும் கோலாக்கொட்டை.

— கோலாக்கொட்டைன்னு உனக்குத் தோணுனா அப்படியே வச்சுக்க.

— துப்பிட்டுப் பதில் சொல்லு. இரைப்பைய யாரு திங்குறது?

— ஒரு ஆளு.

— பாத்தியா! நீயே ஒத்துக்கிட்ட!

— தினமும் திங்குற ஆளு. உன்னைய மாதிரி வருஷத்துக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டு, வறுத்த வாழைக்காயப் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போற ஆளு இல்ல.

— வெக்கமா இல்ல உனக்கு?

— இருந்துச்சு. மொத வாரம் இருந்துச்சு.

— சரி. நான் பெரிய மனசு பண்றேன். அதையெல்லாம் பேசாம விட்டுடலாம். இந்தா, இந்தத் தாளப் பாரு.

— என்ன இது, கல்யாணப் பத்திரிகையா? உனக்கு இன்னொண்ணா?

— விளம்பரத் தாளு. பயணிங்களுக்கு. பயணின்னா இந்தப் பஸ்ஸுல வந்து மூக்கச் சிந்திக்கிட்டே திங்குற கூட்டம் இல்ல. வெளிநாட்டுப் பயணிங்க. ஒரு சுற்றுலாக் கம்பெனிகிட்டப் பேசி முடிச்சுட்டேன். வாரத்துக்கு ரெண்டு வேன் வரும். இங்க நாலு முகமூடி மாட்டணும், அங்க ஒரு மத்தளம், அவங்க இறங்கும்போது நீ ரெண்டு குதி குதிச்சுப் பாடணும்.

— நானா? இந்த முழங்காலோடயா? ரெண்டாவது குதியில என்னையத் தூக்கிக்கிட்டுப் போக அதே வேன் வேணும். சரி, படி. எனக்கும் படிக்கத் தெரியும், ஆனா உன் வாயால கேட்டா இன்னும் நல்லா இருக்கும்.

— கேளு. ‘காலத்தால் அழியாத பாரம்பரிய உணவும் பானமும். கோகி: காராமணியில் செய்த ஆப்பிரிக்கக் கேக்.’

— கேக்கா? பயற ஊற வச்சு, ஒவ்வொண்ணாத் தோலுரிச்சு, அரைச்சு, செம்பனை எண்ணெயச் சூடா ஊத்தி, தோள்பட்டை கழண்டு போற வரைக்கும் அடிச்சு, இலையில கட்டி அவிக்கிறேன். இனிமே மேல மெழுகுவத்தி ஏத்திக் குடுக்கவா?

— ‘சேப்பங்கிழங்குக் களி, மஞ்சள் குழம்புடன். சுகாதாரம் கருதிக் கரண்டியுடன் பரிமாறப்படும்.’

— கரண்டியோடயா! நடுவுல குழி பண்ணிக் குழம்ப ஊத்துனா, உள்ளேருந்து ஒத்த விரலால, கரை உடையாம வழிச்சுத் திங்கணும். கரண்டியப் போட்டா கரை உடையும். குழம்பு பூரா ஓடி மடியில ஊத்தும். அவனுக பேன்ட்டும் உன் பேன்ட்டு மாதிரி ஆகும்.

— ‘ராஃபியாப் பனைக் கள்: வடிகட்டியது, குளிரூட்டியது, எலுமிச்சைத் துண்டுடன்.’

— எலுமிச்ச வேற. ஈ மொய்க்காத கள்ள இங்க ஒருத்தன் வாயில வைக்க மாட்டான். ஈக்கே பிடிக்காததை இவன் ஐஸ் போட்டுக் குடுக்குறானாம். அப்புறம்?

— பின்பக்கம் ‘வழக்கங்கள்’னு ஒரு பகுதி. இது நானே ஒக்காந்து எழுதுனது. ‘கோழியின் இரைப்பை இம்மக்களின் பெருமை. அதை உண்பவரே அவ்வீட்டின் தலைவர். இதை மறுப்பார் எவரும் இல்லை.’

— அதை மட்டும் இன்னொரு தடவ படி.

— ‘அதை உண்பவரே அவ்வீட்டின் தலைவர். இதை மறுப்பார் எவரும் இல்லை.’ எப்படி?

— இந்தத் தாளுலயே இது ஒண்ணுதான் உருப்படி. சரி, கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே, அதைத் தாண்டுற?

— அது விலாசம்.

— விலாசத்துக்கு மேல. ‘உரிமையாளர்’னு இருக்கு. அதுக்குப் பக்கத்துல பர்னபேன்னு இருக்கு. கண்ணு எனக்கு இன்னும் நல்லாத் தெரியும், தம்பி.

— அச்சுல ஒரு ஆம்பள பேரு போட்டாத்தான் அண்ணி, கம்பெனிக்காரன் மதிப்பான்.

— என் கடை இது. இருபத்திமூணு வருஷமா என் கையி வெந்துக்கிட்டு இருக்கிற அடுப்பு இது. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அச்சடிச்சுட்டு வந்திருக்க!

— அண்ணன் கடை. அண்ணன் இடம் காலியாக் கிடக்கு. சுருக்கமா சொல்றேன். இன்னைக்குத் தாங்னே பெரியப்பாவ வரச் சொல்லியிருக்கேன். குடும்பத்துல மூத்தவரு. அவரு கண்ணு முன்னாடி இரைப்பைய என் தட்டுல வச்சுடு. அவரு ஒரு தலையாட்டு ஆட்டுவாரு. அதோட முடிஞ்சுது. நீ எங்கயும் போக வேணாம், நீயே சமைக்கலாம். உனக்குத் தொப்பி வாங்கித் தர்றேன். வெள்ளைத் தொப்பி, உசரமா.

— கடை உனக்கு, இரைப்பை உனக்கு, அடுப்புச் சூடு எனக்கு. போனாப் போகுதுன்னு ஒரு தொப்பி.

— மாட்டேன்னா, அந்த லாரிக்காரன் விஷயத்தைப் பெரியப்பாகிட்டச் சொல்ல வேண்டியிருக்கும். புருஷன் வீட்டுல இன்னொருத்தனுக்கு இரைப்பை வச்சவள என்ன பண்ணுவாங்கன்னு உனக்கே தெரியும். மூட்டையக் கட்டிப் பொறந்த ஊருக்கு அனுப்பிருவாங்க.

— அந்தா, பாஃபுஸாம் பஸ்ஸு வந்துருச்சு. உன் பெரியப்பா இறங்குறாரு. போய்க் கையப் பிடி, குச்சி வழுக்குது அவருக்கு. அங்க ஓடுறதுக்கு முன்ன அந்தச் சட்டிய மூடு.

— பெரியப்பா! வாங்க, பாத்து வாங்க! வழியெல்லாம் எப்படி இருந்துச்சு?

— அது கிடக்கட்டும். என்ன வாசனை இது? மஞ்சக் குழம்பா?

— மஞ்சக் குழம்புதான் மாமா. வாங்க, நிழல்ல ஒக்காருங்க. கிழங்க இப்பத்தான் இடிச்சு எறக்குனேன், ஆவி பறக்குது.

— பெரியப்பா, சாப்பிடுறதுக்கு முன்ன ஒரு முக்கியமான விஷயம். சுருக்கமா சொல்றேன்.

— வேணாம் பர்னபே. உங்க அண்ணன் எழவு வீட்டுல நீ சுருக்கமாப் பேசினது ஞாபகம் இருக்கு. மழை ஆரம்பிச்சு, பேஞ்சு, விட்டுருச்சு. நீ முடிக்கல. மருமகளே, இலையப் போடு. அவனுக்கும் போடு, வாய் கொஞ்ச நேரம் மூடியிருக்கும்.

— இந்தாங்க மாமா. குழி நெறைய ஊத்தியிருக்கேன். பர்னபே, உனக்குக் கரண்டி தரவா?

— எனக்கெதுக்குக் கரண்டி? நான் இந்த மண்ணுல பொறந்தவன்.

— பொறந்தவனே, வெளியேருந்து விரல விடுற. உள்ளேருந்து வழி. ஐயோ, கரை போச்சு. போச்சு, ஓடுது, ஓடுது, கோட்டப் பிடி!

— அது கிடக்கட்டும்னு சொல்ல மாட்டேன் பர்னபே. என் வயசுக்கு நம்ம குடும்பத்துல கரைய உடைச்ச ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்குறேன். மூணு வயசுப் பிள்ளைங்க உடைக்கும். நம்ம வழக்கத்தப் பத்தி நீ என்னமோ தாளு எழுதியிருக்கேன்னு சொன்னியே போன்ல?

— கிழங்கு தண்ணியா இருக்கு பெரியப்பா. அதான் உடைஞ்சுது.

— உன் கை தண்ணியா இருக்கு. என் கிழங்கக் குறை சொல்லாத.

— சரி பெரியப்பா, சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. இந்தச் சேவல் நான் கொண்டாந்தது. இதுல இரைப்பை இல்ல. ஒன்பது வருஷமா இந்தக் கடையில எந்தக் கோழியிலயும் இல்ல. ஏன்னா இவ ஒருத்தன வச்சிருக்கா. நான் சொல்லல, அவளே ஒத்துக்கிட்டா.

— மருமகளே, நெசமா?

— இரைப்பை திங்குற ஆளு ஒண்ணு இருக்கு மாமா. அது நெசம்.

— கேட்டீங்களா! பின்னாடி அறையில போயிப் பாத்தா எல்லாம் சிக்கும். இதோ வர்றேன்.

— போ. செருப்பக் கழட்டிட்டுப் போ. மரவள்ளி மாவு காயப் போட்டிருக்கேன், மிதிச்சுராத.

— போயிட்டானா? மருமகளே, இந்தச் சேவல் எந்தக் காலத்துது? எங்க அப்பாவோட படிச்சிருக்கும் போல.

— அவன் தேடிப் பிடிச்சுக் கொண்டாந்தது மாமா. நீங்க குழம்ப மட்டும் சாப்பிடுங்க.

— எனக்குப் பல்லு போயிப் பதினோரு வருஷம். ஆனா எந்த வீட்டுக்குப் போனாலும், மூத்தவருன்னு இரைப்பையக் கொண்டாந்து என் தட்டுல வைக்கிறாங்க. வேணாம்னா வீடே அழுவும். சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயி நாய்க்குப் போடுறேன். எங்க தெருவுல அத்தனை நாயும் வீட்டுக்குத் தலைதான். நீ யாருகிட்டயும் சொல்லிராத.

— சொல்ல மாட்டேன். மாமா, நானும் ஒண்ணு சொல்லவா? அன்செல்முக்குப் பதினாலு வருஷம் நான் இரைப்பை வச்சேன். கோழியத் தொரத்திப் பிடிச்சது நான். அறுத்தது, பொசுக்குனது, சமைச்சது நான். அவரு அந்த மாமரத்தடியில காய் நகத்திக்கிட்டு இருப்பாரு. கூப்பிட்டா வருவாரு. இரைப்பையத் தின்னுட்டு, ‘இன்னைக்கு வேகல’ன்னு சொல்லிட்டுத் திரும்பவும் காய் நகத்தப் போயிருவாரு. எனக்குக் கழுத்து. பதினாலு வருஷமும் கழுத்து.

— கழுத்துல என்ன இருக்கு?

— எலும்பு இருக்கு.

— செத்தவன அப்படிப் பேசாத, மருமகளே.

— செத்ததுக்கு அழுதேன் மாமா. நடிக்கல, நெசமாத்தான் அழுதேன். ஆனா எழவு முடிஞ்ச மறுநாளே பஸ்ஸு வந்து நின்னுச்சு. அம்பது பேரு பசியோட இறங்குறாங்க. அழுதுக்கிட்டே சமைச்சேன். கோழியில இருந்து இரைப்பையத் தனியா எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, பழக்கத்துல மாமரத்தடியப் பாத்தேன். வைக்கிறதுக்குத் தட்டு இல்ல.

— என்ன பண்ணுன?

— நாய்க்குப் போட்டேன். ஒரு வாரம் நாய்க்குத்தான் போட்டேன். அப்புறம் என்ன பண்ணுனேன்னு பர்னபே வந்ததும் சொல்றேன். மாமா, வாய்தான் இவ்வளவு பேசுது. உள்ள எனக்குப் பயமா இருக்கு. இந்த அடுப்ப விட்டு அனுப்பிட்டீங்கன்னா பாஃபாங்குல என் தம்பி பொண்டாட்டி வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டுக் கிடக்கணும். நாப்பத்தெட்டு வயசுல, அவ எந்தப் பாத்திரத்தக் காட்டுறாளோ அந்தப் பாத்திரம். என்னால முடியாது.

— சும்மா இரு. உன்னையப் பொண்ணு கேட்டு வந்தது யாரு?

— நீங்கதான்.

— உன் காலுல செம்பனை எண்ணெய் தடவி, உங்க அப்பன் முன்னாடி, ‘இன்னையிலேருந்து இவ எங்க குடும்பத்து ஆளு’ன்னு சொன்னது யாரு?

— நீங்கதான் மாமா.

— நான் சொன்னது சொன்னதுதான். அந்த எண்ணெய எவனும் தொடைக்க முடியாது. ஆனா ஒண்ணு. வேற ஒரு ஆம்பள இங்க இருக்கான்னு வெளிச்சமாயிட்டா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.

— மாட்டுனான்! பெரியப்பா, இந்தா பாருங்க! ரப்பர் பூட்ஸு! ஆம்பள அளவு! மண்ணு இன்னும் ஈரமா இருக்கு!

— கத்தாத பர்னபே, தின்னுக்கிட்டு இருக்கிறவங்க விக்கிச் சாகப் போறாங்க.

— இது மட்டுமா? கோடாலி. பிடி தேஞ்சு வழவழன்னு இருக்கு. இந்தாங்க சட்டை. தோள்பட்டை அகலத்தப் பாருங்க பெரியப்பா! எருமை மாதிரி இருப்பான் போல!

— அந்தச் சட்டைய மண்ணுல போடாத. துவைச்சது.

— அண்ணன் பூட்ஸுன்னு கதை விடப் போறியா? அண்ணன் செத்து ஒன்பது வருஷம். இன்னைக்குக் காலையில எந்திரிச்சு வந்து சேத்துல நடந்தாரா?

— அவரு உசுரோட இருந்தப்பவே சேத்துல நடக்கல.

— அப்ப இது அவனோடதுதானே?

— அந்த ஆளோடதுதான்.

— நீ நிறுத்து பர்னபே, இனி நான் கேக்குறேன். மருமகளே, எப்படிப்பட்ட ஆளு?

— விடியுறதுக்கு முன்ன எந்திரிக்கிற ஆளு மாமா. மழையா இருந்தாலும் இந்தப் பூட்ஸ மாட்டிக்கிட்டு ஓடைக்குப் போயித் தண்ணி கொண்டார ஆளு. வெறகு பொளக்குற ஆளு. எவனாச்சும் குடிச்சுட்டு வந்து வம்பு பண்ணினா, இந்தக் கோடாலியப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிற ஆளு. போன மழையில கூரைத் தகரம் பறந்தப்ப, மேல ஏறி ஆணி அடிச்ச ஆளு.

— அன்செல்ம் ஏணியில ஏறி நான் பாத்ததே இல்ல.

— ஏணி எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது மாமா.

— அப்ப வேலைக்காரன்! பெரியப்பா, கேளுங்க இந்தக் கேவலத்த! தண்ணி தூக்குறவனுக்கு, வெறகு பொளக்குறவனுக்கு நம்ம குடும்பத்து இரைப்பை! படிச்சிருக்கானா அவன்?

— அஞ்சாவது வரைக்கும்.

— அஞ்சாவது! நான் டூவாலாவுல ஆபீசுல இருக்கிறவன்!

— ஆபீசுலன்னா? உள்ளயா?

— அது இப்ப எதுக்கு?

— வாசல்ல ஸ்டூல் போட்டு, வர்றவன் பேர நோட்டுல எழுதுற. அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல, நல்ல வேலைதான். ஆனா எழுதுறவன் எழுதுறேன்னு சொல்லணும். கம்பெனியத் தாங்கிப் பிடிச்சிருக்கிற தூணு மாதிரி எதுக்கு நிக்கிற?

— பெரியப்பா, இவளப் பேச விடாதீங்க!

— அது கிடக்கட்டும். பர்னபே, அந்தத் தாள இப்படிக் குடு. இது என்ன படம்? முகமூடியா? இது நம்ம முகமூடியே இல்லையே. எவன் ஊரு மூஞ்சி இது?

— அலங்காரத்துக்குப் போட்டது பெரியப்பா. பயணிங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

— எனக்குத் தெரியும்ல. சரி, கண்ணாடி கொண்டாரல, நீயே படி.

— பின்பக்கம் படிக்கச் சொல்லுங்க மாமா. வழக்கம் எழுதியிருக்கான்ல, அதை.

— படிக்கிறேன். எனக்கென்ன பயமா? ‘கோழியின் இரைப்பை இம்மக்களின் பெருமை. அதை உண்பவரே அவ்வீட்டின் தலைவர். இதை மறுப்பார் எவரும் இல்லை.’

— இதை நீதான் எழுதுனியா?

— நானேதான். ஐந்நூறு தாளு அடிச்சாச்சு. கம்பெனிக்காரன் கடல் தாண்டி அனுப்பியே வச்சுட்டான்.

— அப்ப, ஒன்பது வருஷமாத் தின்ன ஆளுதான் இந்த வீட்டுக்குத் தலைன்னு நீ சொல்ற.

— வழக்கம்னா வழக்கம்தான் பெரியப்பா, அதை நான் மாத்த முடியாது. ஆனா வெளியாளு திருடித் தின்னா அது சேராது. குடும்பத்து ஆளா இருக்கணும்.

— குடும்பத்து ஆளா இருந்தா?

— இருந்தாவா? நல்லாக் கேட்டீங்க! இந்தப் பஸ்ஸு நிக்கிற ஊருல நம்ம குடும்பத்து ஆளு யாரு இருக்கா? அப்படி ஒரு ஆளு இருந்தா, இந்தக் கோட்டக் கழட்டி அந்த ஆளுக்கே மாட்டி விட்டுட்டு, அடுத்த பஸ்ஸுல ஏறிடுறேன். அப்புறம் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்.

— கோட்டு வேணாம். குழம்புக் கறை போகாது.

— நீ பேசாத! உன் மூட்டையக் கட்டுற வேலையப் பாரு.

— பர்னபே, வாய்ப்பேச்சு என்கிட்டச் செல்லாது. மருமகளே, அந்தக் கொம்புக் குவளையில கள்ள நெறச்சுக் குடு. எலுமிச்ச இல்லாமக் குடு. பிடிடா. தரையில ஊத்திட்டுச் சொல்லு. உங்க அண்ணன் கேக்கட்டும்.

— ஊத்துறேன், தாராளமா ஊத்துறேன். இந்தா ஊத்திட்டேன். அன்செல்ம் அண்ணே, கேட்டுக்க. ஒன்பது வருஷமா உன் இரைப்பையத் தின்ன ஆளு நம்ம குடும்பத்து ஆளா இருந்தா, கடை அந்த ஆளுக்கு. இல்லைன்னா எனக்கு. போதுமா பெரியப்பா?

— போதும். மண்ணு குடிச்சிருச்சு. இனிமே நீ நெனச்சாலும் நான் நெனச்சாலும் திருப்பி எடுக்க முடியாது. மருமகளே, அந்த ஆள வரச் சொல்லு.

— வர வேண்டியது இல்ல, மாமா.

— ஓடிட்டானா? எங்க ஒளிஞ்சிருக்க? ஆம்பளையா இருந்தா வெளிய வாடா!

— கத்தாதடா. நான் வந்ததுலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். இவன் ‘அவன், அவன்’ங்கிறான். நீ, மருமகளே, ஒரு தடவகூட ‘அவன்’னு சொல்லல. ஆளு, ஆளுங்கிற. இப்ப அந்தக் கோலாக்கொட்டையத் துப்பிட்டு, அந்த ஆளு யாருன்னு என் முகத்தப் பாத்துச் சொல்லு.

— துப்புறதுக்கு இது கோலாக்கொட்டை இல்ல, மாமா. பர்னபே கொண்டாந்த சேவல் கிழடு. அதோட இரைப்பைய ஒரு மணி நேரமா மெல்றேன், இன்னும் முழுங்க முடியல.